வாசனையும் வாயில்லா ஜீவன்களும்

மதுரைக்கு மணம் புதிதன்று. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பொழுது விடியுமுன் குவியும் மல்லிகை, வெள்ளிக்கிழமை மாலையில் வீடுதோறும் எழும் சாம்பிராணிப் புகை, பெருவிழாத் திருப்பலியில் ஆடும் தூபக்கலசம், பாட்டிமார் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் தைலப் புட்டி என்று மணத்தோடுதான் நாம் வளர்கிறோம். நல்ல மணம் மனத்துக்கு இதம் தரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நமக்கு இதமான மணம், நம் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அடுப்படியில் சுருண்டிருக்கும் பூனைக்கும் இதமாக இருக்குமா?

இக்கேள்வி வீண் கேள்வியன்று. நாய்க்கும் பூனைக்கும் மன அமைதி தரும் நறுமண எண்ணெய் என்று சொல்லிச் சிறுசிறு புட்டிகள் இப்போது கடைகளில் விற்கின்றன. தீபாவளி நெருங்கும்போது பலர் அவற்றை வாங்குகிறார்கள். வாங்காதவர்களோ வீட்டிலிருக்கும் ஏதாவதொரு தைலத்தை எடுத்துத் தடவி விடுகிறார்கள். எங்கள் வகுப்பில் நாய் வளர்ப்போர் பலர். பூனை வளர்ப்போர் அதைவிடப் பலர். ஆகவே இதைப் பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

மணத்தைக் கொண்டு நோய் தீர்க்கும் முறைக்கு 'அரோமாதெரபி' என்று பெயர். ரெனே மொரிஸ் கட்ஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலார் 1937-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் தலைப்பு வழியாக அச்சொல் பரவியது. பெயர்தான் புதிது. பூவையும் வேரையும் பிசினையும் கொண்டு மனத்தைத் தேற்றும் பழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது.

முதலில் மூக்கைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். மனிதரின் மூக்கினுள் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல்! இதுவன்றி, நாய், பூனை, மாடு ஆகியவற்றுக்கு மேலண்ணத்தின் உட்புறம் ஜேக்கப்சன் உறுப்பு என்ற இரண்டாவது மோப்பக் கருவியும் உண்டு. மாடு எதையோ முகர்ந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டித் தலையை நிமிர்த்தி நிற்பதைக் கிராமத்துத் தோழியர் கண்டிருப்பர். நாமெல்லாம் அது சிரிக்கிறது என்று எண்ணுவோம். அது உண்மையில் அந்த இரண்டாவது கருவிக்கு மணத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மூக்கில் நுழையும் செய்தி, அச்சம், மகிழ்ச்சி, நினைவு இவற்றை ஆளும் மூளைப் பகுதிகளுக்கு நேரே சென்று சேர்வது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகளைப்போல அது வேறோர் இடத்தில் நின்று போவதில்லை. ஆகவே மணம் மனத்தை மாற்றும் என்பது வெறும் நம்பிக்கையன்று. அதற்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. அதே காரணத்தால், நமக்கு 'இலேசான' மணம் நாய்க்குப் பேரிரைச்சலாக இருக்கக்கூடும்.

விஞ்ஞானிகள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார், ஆதரவற்ற நாய்களின் காப்பகம் ஒன்றில் 55 நாய்களுக்கு வெவ்வேறு மணங்களைக் காற்றில் பரப்பி, அவற்றின் நடத்தையைக் குறித்தனர். 2005-இல் வெளியான அந்த ஆய்வின்படி, லாவெண்டர், சாமந்தி இனத்தைச் சேர்ந்த கெமோமில் ஆகியவற்றின் மணத்தில் நாய்கள் அதிக நேரம் படுத்து ஓய்வெடுத்தன, குரைப்பும் குறைந்தது. ரோஸ்மேரி, புதினா இனத்துப் பெப்பர்மின்ட் இவற்றின் மணத்திலோ எழுந்து நடமாடின, குரைத்தன. அடுத்த ஆண்டு, காரில் ஏற்றினாலே பரபரக்கும் 32 நாய்களுக்கு லாவெண்டர் மணம் காட்டப்பட்டது. அவை முன்னைவிட அமைதியாக உட்கார்ந்து வந்தன.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அந்த நாய்களின்மேல் எவரும் எண்ணெயைத் தடவவில்லை, நாவில் விடவுமில்லை. மணம் காற்றில் மட்டுமே இருந்தது. இன்னொன்று, அச்சோதனைகளில் வெடிச்சத்தம் கிடையாது. கார்ப் பயணத்தின் பரபரப்பு வேறு, சரவெடிக்கு நடுங்கும் நடுக்கம் வேறு. லாவெண்டர் புட்டி ஒன்றை வாங்கிவிட்டால் தீபாவளி இரவைக் கடந்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால், அவர் அறிந்ததைவிட அதிகமாகச் சொல்கிறார் என்றே நாங்கள் கருதுகிறோம்.

இனி ஆபத்தான பகுதிக்கு வருவோம். பூ வேறு, பூவின் எண்ணெய் வேறு. நம் மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெருமையை நாம் அறிவோம். ஒரு கிலோ மல்லிகைச் சாரம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ தேவை என்பதைப் பலர் அறியோம். (சில ரூபாய்க்கு விற்கும் 'மல்லிகை எண்ணெய்'யில் உண்மை மல்லிகை எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கில் தேர்ந்த தோழியர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.) தலையில் சூடிய நான்கு முழம் பூவால் பூனைக்கு ஒரு தீங்கும் இல்லை. கூடை கூடையாகப் பூவையும் இலையையும் பட்டையையும் ஒரு புட்டிக்குள் அடக்கிய எண்ணெய் அப்படியன்று. அது உணவுமன்று, அழகுப் பொருளுமன்று. மருந்துக்குச் சமமான கடும் பொருள்.

நாயைவிடப் பூனைக்கே இதில் அதிக ஆபத்து. உடலுக்குள் வந்த வேண்டாத பொருளைக் கல்லீரல் வேறொரு பொருளோடு பிணைத்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றுகிறது. அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதிகளுள் முக்கியமான ஒன்று பூனைக்குச் சரியாக இல்லை. இதனால்தான் நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானதாகிறது. எண்ணெய்களில் உள்ள பீனால் வகைப் பொருள்களும் இப்படியே உடலில் தங்கிச் சேர்ந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, பூனை நாள் முழுவதும் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. அதன் மயிரில் விழுந்தது எதுவும் வயிற்றுக்குள் போகாமல் இராது. நாம் பூனையின் முதுகில் தடவியதாக எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு ஊட்டிவிட்டிருக்கிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் பக்கத்து வீட்டில் இப்படி நேர்ந்தது. பூனைக்குட்டியின் மேல் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது என்று, தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிப் பூசினார்கள். குழந்தைகளுக்கு மார்ச்சளி கண்டால் நம் வீடுகளில் தடவுவார்களே, அதே எண்ணெய்தான். ஒரு மணி நேரத்துக்குள் குட்டிக்கு வாயில் எச்சில் ஒழுகத் தொடங்கியது, பின்னங்கால் தள்ளாடியது. மருத்துவரிடம் தூக்கிச் சென்றதால் பிழைத்தது. மூன்றாம் நாள் மீன்தலையைத் தின்றதாம்.

அந்த வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை, டீ ட்ரீ எண்ணெயால் நஞ்சேறியதாக ஒரு நச்சுத் தகவல் மையத்தில் பதிவான 443 நாய், பூனைகளைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. (பெயரைக் கண்டு தேயிலை என்று எண்ண வேண்டாம், இது ஆஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரத்தின் எண்ணெய்.) அவற்றுள் தானாகக் கொட்டியதையோ திருடிக் குடித்ததையோ விட, வளர்ப்பவர்களே வேண்டுமென்று பூசியதும் கொடுத்ததும்தான் மிகுதி. 443-இல் 395! நூற்றுக்கு 89 பிராணிகள் அன்பினாலேயே நஞ்சூட்டப்பட்டன. இந்தக் கணக்கைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். கற்பூரம் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. மலைக்குப் போய்வருவோர் தவறாமல் வாங்கிவரும் யூக்கலிப்டஸ் தைலமும் அப்படியே. மூட்டுக்குத் தேய்க்கும் வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. அது ஆஸ்பிரினுக்கு உறவு, பூனைக்குப் பகை. கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஆகியவையும் இப்பட்டியலில் சேரும். துணிப்பெட்டியில் போடும் பாச்சா உருண்டை எண்ணெயன்று எனினும் மணப்பொருள்தானே; அதை நாய்க்குட்டி மிட்டாய் என்று எண்ணி விழுங்கியதால் வரும் கேடு பெரிது. ஆய்வில் நற்பெயர் எடுத்த லாவெண்டரும்கூட, நாவில் பட்டால் நஞ்சே.

அப்படியானால் சாம்பிராணி? மாட்டுத் தொழுவத்தில் அந்தி நேரம் வேப்பிலை மூட்டம் போடுகிறார்களே, மாடு அமைதியாக அசைபோடுகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே மாட்டை அமைதிப்படுத்துவது மணமன்று. கொசுவும் ஈயும் புகைக்கு அஞ்சி ஓடிவிடுவதால், வாலையும் காதையும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த மாட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது, அவ்வளவுதான். தொழுவம் நாற்புறமும் திறந்தது, புகை தங்காது. அதே புகையைச் சன்னல் சாத்திய சிறு அறையில் போட்டால், நாயின் மூக்குக்கும் பூனையின் நுரையீரலுக்கும் அது தொல்லையே தவிர ஆறுதலன்று. சாம்பிராணித் தட்டு வந்தவுடன் பூனை எழுந்து வெளியே போவதைப் பார்த்திருப்பீர்கள். போக வழியிருந்தால் சரி.

கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்போருக்கு ஒரு தனிச் சொல். பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால், அது உள்ளிழுக்கும் புகையும் ஆவியும் நம்மைவிட அதை வெகு விரைவில் தாக்கும். அந்த அறையில் ஊதுவத்தி, கொசுவர்த்தி, நறுமண எண்ணெய் ஆவி எதுவுமே வேண்டாம். (பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறோம்.)

பூனைக்கென்று இயற்கை வைத்த மணம் ஒன்று நம் தெருவோரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது. அது குப்பைமேனி. சொறி சிரங்குக்குப் பாட்டி அரைத்துப் பூசும் அதே செடிதான். அதற்குப் 'பூனைவணங்கி' என்று மற்றொரு பெயரும் உண்டு. காரணம் வேரில் இருக்கிறது. செடியைப் பிடுங்கி வேரை வெளியே போட்டால், பூனைகள் முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, அதன்மேல் புரண்டு விளையாடும். ஐரோப்பியப் பூனைகள் கேட்னிப் என்ற செடிக்கு மயங்குவதும் இதுபோன்றதே. 2016-இல் ஆஸ்திரேலிய வேதியியலார் குப்பைமேனி வேரை ஆராய்ந்து, கேட்னிப்பில் உள்ளதற்கு நெருங்கிய உறவான பொருள்களே பூனையை ஈர்க்கின்றன என்று கண்டனர். நம் முன்னோர் கருவி எதுவுமின்றி, பூனையைப் பார்த்தே செடிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்! எல்லாப் பூனைகளும் இதற்கு மயங்குவதில்லை. மயங்கும் பூனையும் முதலில் குதித்து விளையாடும், பிறகுதான் சோர்ந்து படுக்கும். ஆகவே வேரை மண் கழுவிப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்பதே முறை. சாறு எடுத்து வாயில் ஊற்றக்கூடாது.

நாய்க்கு? அதற்கான மணம் காசு கொடுத்து வாங்கக் கிடைக்காது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார், 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விழித்தபடியே அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். பழகிய மனிதர், பழகாத மனிதர், பழகிய நாய், பழகாத நாய், தானே ஆகிய ஐந்து மணங்களை ஒவ்வொன்றாய் முகரச் செய்து மூளையைப் படமெடுத்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழித்தெழும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிகுதியாகத் துலங்கியது. அந்த மனிதர் அந்த இடத்தில் இல்லை. துணியில் அவர் மணம் மட்டுமே இருந்தது. தன் இனத்து மணத்தைவிட, சோறு போடும் கையின் மணம் அதற்கு உயர்வாயிற்று.

ஆகவே நாய் அஞ்சும் இரவில் அதற்கு ஏற்ற 'அரோமாதெரபி', அம்மா உடுத்திக் களைந்த பழைய பருத்திப் புடவைதான். துவைத்துப் போட்டால் பயனில்லை. துவைக்காததாக இருக்க வேண்டும். வீட்டின் நடுவே சன்னல் குறைந்த ஓர் இடத்தில், கட்டிலுக்கடியிலோ மேசைக்கடியிலோ அதை விரித்து, கதவைத் திறந்தே வைத்து, வானொலியை மெதுவாகப் பாடவிட்டு, பக்கத்தில் தண்ணீரும் வைக்கலாம். இதைத் தீபாவளியன்று மாலை தொடங்கக்கூடாது. இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே அந்த இடத்தில் சோறு வைத்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் அந்தப் புடவையையும் வெடிச்சத்தத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். பூனைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். அதற்கு உயரமான மறைவிடம் இருந்தால் இன்னும் நல்லது. வெயிற்காலமாயின் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சன்னலில் தொங்கவிடலாம். நம் சித்திரை வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது அச்சமா, வெக்கையா என்று பிரித்தறிவதே கடினம். குளிர்ச்சி வந்தவுடன் பாதிப் பரபரப்பு அடங்கிவிடும்.

லாவெண்டர்தான் வேண்டும் என்போர், நாய் இருக்கும் வீட்டில் மட்டும், பஞ்சில் ஒரே ஒரு துளி விட்டு, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்து, கதவைத் திறந்து வைக்கட்டும். நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போனால் அதுவே அதன் விடை; பஞ்சை எடுத்துவிட வேண்டும். மின்சாரத்தில் ஆவி கக்கும் கருவி வேண்டாம். அதன் நுண்துளிகள் மயிரில் படியும், படிந்ததைப் பிராணி நக்கும். பூனையோ பறவையோ, குட்டியோ, சினையோ, இருமலுள்ள நாயோ இருக்கும் வீட்டில் அந்த ஒரு துளியும் தேவையில்லை.

அச்சத்தின் காரணத்தை விட்டுவிட்டு அச்சத்துக்கு மணம் காட்டுவதில் பயன் எவ்வளவு? நாம் கேட்கும் ஒலியின் எல்லை 20,000 அதிர்வு. நாய் ஏறத்தாழ 45,000 வரையும், பூனை 60,000-க்கு மேலும் கேட்கும். வேட்டைக்குப் பெயர்போன இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அது சரவெடிக்குக் கட்டிலடியில் ஒளிந்தால் கோழையென்று பொருளில்லை. அதன் காது அப்படி. 2018 முதல் நம் மாநிலத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே வெடிக்க நேரம் வகுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தெருவார் மதித்தாலே, நாயை எப்போது உள்ளே அழைப்பது என்று நமக்குத் தெரிந்துவிடும். நம் பங்கு ஆலயத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் இதே கணக்குத்தான் என்பதைப் பணிவுடன் சொல்லுகிறோம்.

மதுரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில், கொள்ளுக்குடிப்பட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் நாரையும் அரிவாள் மூக்கனும் கொக்கும் கூடு கட்ட வருகின்றன. 1977-இல் அது வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குஞ்சு பொரித்த பறவைகள் அஞ்சிப் பறந்துவிடுமே என்று அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளும் கேட்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கிச் சிறப்பிக்கிறார்கள். அந்தக் கண்மாய்க் கரையில் லாவெண்டர் ஒரு துளியும் கிடையாது. பறவைகள் அமைதியாக இருக்கின்றன.

எத்தனை எச்சரிக்கையாக இருந்தாலும் வீட்டில் புட்டி கவிழ்வதுண்டு. எச்சில் ஒழுகுதல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், மூச்சுத் திணறல், உடல் சில்லிடுதல் இவற்றில் எது கண்டாலும் எண்ணெயை நினையுங்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். பிராணியை நல்ல காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மயிரில் எண்ணெய் பட்டிருந்தால், பாத்திரம் கழுவும் மென்மையான திரவச் சோப்பைச் சிறிது இட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரோ வேறெதுவோ கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு செல்ல வழியில்லாதவர் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். போகும்போது அந்தப் புட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.